யாருடைய பிள்ளைக்காக இந்தப் பாடத்திட்டம்?

பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் நினைவாகப் பேச அழைத்த நம் அமைப்புத் தோழர்களுக்கு நன்றி.

ராஜாவின் பெயரிலேயே மயிலை இருக்கிறது: மயிலை சின்னத்தம்பி ராஜா. 1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நம்மிலிருந்து சென்றவர். 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்றே அரசு எழுத வேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்தவர். இவை நாம் மேடைதோறும் சொல்பவை. 1932இல் மூஞ்சேயோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அண்ணலின் நிலைப்பாட்டுக்கு எதிராக நின்றது. அதையும் மறைக்கத் தேவையில்லை. நாம் குறைவாகப் பேசியது, அவர் பள்ளி ஆசிரியர் என்பதை. அவர் பாடநூல்கள் எழுதினார். ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து மழலையர் வகுப்புக்கான பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்ட மக்களிலிருந்து வந்த ஒருவர், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கப் புத்தகம் செய்தார். வாசலைத் திறக்கச் சொல்வது ஒரு போராட்டம். உள்ளே என்ன கற்றுத் தரப்படுகிறது என்பதில் கை வைப்பது இன்னொரு போராட்டம். ராஜா இரண்டையும் செய்தார்.

அந்த இரண்டாவது போராட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. 2023இல் பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வரைவுச் சட்டகம் வந்தது. 2024 முதல் என்.சி.இ.ஆர்.டி.யின் புதிய பாடநூல்கள் வரிசையாக வருகின்றன. இங்கே தமிழ்நாட்டில் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில் வெளியிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாம் கேட்ட விவாதம் எல்லாம் மூன்று சொற்களுக்குள் அடங்கும்: இந்தி, நிதி, உரிமை. டெல்லியா, சென்னையா என்ற கேள்வி அது. அதில் நான் சென்னையின் பக்கம்தான். 1976இன் 42ஆவது திருத்தத்தில் பொதுப்பட்டியலுக்குப் போன கல்வி மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும். மும்மொழியைக் கட்டாயமாக்கக் கூடாது. கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024–25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது பிள்ளைகளின் வயிற்றில் அடிப்பது.

ஆனால் டெல்லி ஜெயித்தாலும் சென்னை ஜெயித்தாலும், வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு என்ன மாறும் என்று யாரும் சொல்லவில்லை. சாதி பாடத்திட்டத்துக்குள் மூன்று வழியாக வருகிறது. நேரத்தைப் பங்கிடும் கால அட்டவணை வழியாக. பாடநூலில் எழுதியதும் எழுதாமல் விட்டதும் வழியாக. கரும்பலகைக்கு முன் நிற்கும் ஆசிரியர் வழியாக. மூன்றாவதை மாற்றாமல் முதல் இரண்டை எத்தனை முறை மாற்றினாலும் அட்டை மட்டும்தான் மாறும் என்பது என் வாதம்.

1. ஊரூரில் தொடங்கிய கதை

முதலில் கொஞ்சம் வரலாறு. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் அயோத்திதாசர் நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் நம் மக்களுக்குத் தரிசு நிலமும் கேட்டார். நிலம் கேட்ட அதே மூச்சில் கல்வியைக் கேட்டார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில், ஊரூர் குப்பத்தை ஒட்டி, ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அந்தப் பள்ளிகள் பெருகின. மயிலாப்பூரில் வைத்த பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். ஆல்காட் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. அந்தப் பக்கம் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் கதை தெரியும்?

எதற்காகத் தனிப் பள்ளி? பொதுப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள். சேர்த்தால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கிராமத்துப் பள்ளி பல இடங்களில் கோயிலிலும் அக்ரகாரத்திலும் நடந்தது. அந்தத் தெருவுக்குள்ளேயே நம்மால் நுழைய முடியாது. அதனால்தான் பின்னாளில் தொழிலாளர் துறை நமக்கென்று பள்ளிகள் திறந்தது. அவற்றின் வழிவந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தமிழ்நாட்டில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது நம்மிடையே இரண்டு கருத்துகள் எழுந்தன. தனித்து வைப்பது இழிவு என்றார்கள் ஒரு சாரார். இணைத்தால் நம் நிலமும் கட்டடமும் பணியிடங்களும் போய்விடும் என்றார்கள் மறுசாரார். இரண்டு அச்சமும் நியாயமானவை. தனிப் பள்ளி பிறந்ததற்கான காரணம் பொதுப் பள்ளியில் தீர்ந்துவிட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இணைப்பைப் பற்றிப் பேசக் கூடாது.

இந்த வரலாறு எந்தப் பாடநூலில் இருக்கிறது? மயிலாப்பூரில் படிக்கும் பிள்ளைக்குக் கபாலீசுவரர் கோயில் தெரியும். அடையாற்றில் படிக்கும் பிள்ளைக்குப் பிரம்மஞான சபையின் ஆலமரம் தெரியும். அதே தெருக்களில் நம் முன்னோர் எழுத்துக்காகப் பட்ட பாடு தெரியாது. ஊர் வரலாறு என்பதே ஒரு பாடத்திட்டம்தான். அதை யாரோ ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

2. மூன்று மணி நேரம்

கால அட்டவணைக்கு வருகிறேன். கொள்கை ஆவணங்களின் முன்னுரையில் எல்லோரும் சமத்துவம் என்றுதான் எழுதுவார்கள். நாம் படிக்க வேண்டியது மணிக்கணக்கை.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம் மட்டும், இரண்டு ஷிப்ட். மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. மக்கள் வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. மக்கள் வைத்த பெயர்தான் நின்றது, ஏனென்றால் அதுதான் உண்மை. அரசு சொன்ன காரணங்களில் ஒன்று பணமில்லை என்பது: அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், இரண்டு மடங்கு பிள்ளைகள். கணக்காகப் பார்த்தால் சிக்கனம்தான். ஆனால் தோல் பதனிடுகிறவர் வீட்டுப் பிள்ளை மதியத்துக்கு மேல் எங்கே போகும்? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்.

2020 கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து தொழிற்கல்வி என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் என்று உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பிள்ளைகள் பயில வேண்டும் என்கிறது. இது அப்படியே 1953 என்று மேடையில் சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அன்று பாதி நாள் பறிபோனது. இன்று பத்து நாள். அன்று அப்பாவின் தொழில் என்றார்கள். இன்று உள்ளூர்த் தொழில் என்கிறார்கள். வேறுபாட்டை ஒப்புக்கொண்டுதான் விமர்சிக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் நம்மை நம்பமாட்டார்.

கைத்தொழிலைக் கற்பதில் இழிவில்லை. இந்த நாட்டில் உழைப்பை இழிவாக்கியது சாதி. பெரிய வீட்டுப் பிள்ளை மண் குழைக்கக் கற்பது நல்லதுதான். கேள்வி வேறு. ஆண்டுக்கு லட்சங்களில் கட்டணம் வாங்கும் அடையாறு பள்ளியின் மாணவி பத்து நாள் குயவரிடம் போய்வந்தால், திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு பானையும் ஒரு புகைப்படமும் இருக்கும். அது அவளுக்கு அனுபவம். கண்ணகி நகரில் இருந்து வரும் மாணவனின் அம்மா அதே அடையாற்றில் ஒரு குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். அப்பா பெயின்ட் வேலைக்குப் போகிறார். அவனை அந்தப் பத்து நாளில் எங்கே அனுப்புவீர்கள்? எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினால் அது அவனுக்கு அனுபவமா, முன்னறிவிப்பா? ஒரே பாடம், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பொருள். ஆவணத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அனுப்பிவைக்கும் ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதோடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று அறிவித்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, சரியான முடிவு. ஆறாம் வகுப்பில் தொழிலைக் காட்டி, எட்டாம் வகுப்பில் தோற்கடித்தால், அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நடக்கும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. இரண்டு விதிகளும் தனித்தனியாகப் பார்க்கும்போது சாதுவாக இருக்கின்றன. சேர்ந்தால் ஒரு பாதை ஆகின்றன.

3. நீக்கிய பக்கங்கள்

அடுத்து பாடநூல். 2005 கலைத்திட்டத்தின்படி வந்த என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்பு நூலில், பன்மையையும் பாகுபாட்டையும் பற்றிய பாடத்தில், அண்ணல் அம்பேத்கரின் சிறுவயது நிகழ்ச்சி இருந்தது. 1901, அவருக்கு ஒன்பது வயது. அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் கோரேகாவ் போகிறார். ரயிலைவிட்டு இறங்கியதும், மகார் பிள்ளைகள் என்று தெரிந்து வண்டிக்காரர்கள் வண்டியில் ஏற்ற மறுக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சாதியைப் புரியவைக்க இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. படிக்கிற பிள்ளையின் வயதுதான் அந்தப் பிள்ளைக்கும். ஏழாம் வகுப்பு நூலில், பள்ளியைப் பெருக்கவைக்கப்பட்ட ஓம்பிரகாஷ் வால்மீகியின் அனுபவம் இருந்தது. 2024இல் வந்த புதிய ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் அம்பேத்கரின் அந்தச் சிறுவயது நிகழ்ச்சி இல்லை. பாகுபாட்டைப் பற்றிய அந்தப் பாடமே இல்லை. பண்பாட்டு மரபும் பன்மையின் ஒற்றுமையும் இருக்கின்றன.

இதைக் கண்டிப்பது சுலபம், கண்டிக்கிறேன். நீக்குவதற்கான கோரிக்கை எப்போதும் டெல்லியிலிருந்து மட்டும் வந்ததில்லை என்பதையும் இந்த அவையில் பேச வேண்டும்.

2012 மே மாதம். பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் சங்கர் வரைந்த பழைய கேலிச்சித்திரம்: அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. தோழர் திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார். அவை கொதித்தது. நூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். பேராசிரியர் சுக்தேவ் தோராட் தலைமையில் குழு அமைத்தார்கள்; நூல்களில் உள்ள பல சித்திரங்களை எடுக்க வேண்டுமென்று குழு சொன்னது. அந்தக் குழுவில் மாறுபட்டு எழுதியவர் நம் எம்.எஸ்.எஸ். பாண்டியன், இங்கே அடையாறு வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து பிராமணர்–பிராமணரல்லாதார் அரசியலை ஆராய்ந்தவர்.

நான்கு ஆண்டு கழித்து, 2016. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு என்ற பாடத்துக்குள் தென் திருவிதாங்கூர்த் தோள்சீலைப் போராட்டம் இருந்தது. சாணார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய அந்தப் போராட்டத்தை எழுதியிருப்பது தங்கள் சமூகத்தை இழிவுசெய்கிறது என்று இங்கே, தமிழ்நாட்டில், எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியை விலக்கிச் சுற்றறிக்கை அனுப்பியது. சில ஆண்டுகளில் பாடமே நூலிலிருந்து போய்விட்டது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2012 கோபத்தில் ஒரு கேள்வி இருந்தது: முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு தலித் பிள்ளைகள். ஆசிரியர் அந்தச் சித்திரத்தைக் காட்டுகிறார். இருபத்தெட்டு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எங்கே போய் விழும்? நூலை எழுதிய அறிஞர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. அவர்கள் மனதில் இருந்த வகுப்பறையில் சாதி இல்லை. 2016 கோரிக்கை வேறு. போராடி வென்ற வரலாற்றையே அவமானமாக நினைக்கிற மேல்நோக்கிய ஆசை அது. ஒடுக்கியவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் ஒடுக்கப்பட்டவர் வெட்கப்பட்டுப் பக்கத்தைக் கிழித்தார்கள்.

ஆனாலும் இரண்டிலும் கிடைத்த தீர்வு ஒன்றே: நீக்கு. அந்தத் தீர்வு நமக்குப் பயன்படவில்லை. 'புண்படுத்துகிறது, எடு' என்ற வழியை அரசுக்குக் காட்டிவிட்டால், அடுத்து அது வண்டியில் ஏற்ற மறுக்கப்பட்ட பிள்ளையையும் எடுக்கும். எடுத்துவிட்டது. இந்தக் கருத்தோடு இங்கே சிலர் உடன்படமாட்டீர்கள் என்று தெரியும், விவாதிப்போம். என் நிலை இது: சாதியைப் பற்றிய பக்கங்கள் நூலில் இருக்க வேண்டும், அவற்றை நடத்தத் தெரிந்த ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாதபோது முதலாவது புண்படுத்தும். அதற்காக முதலாவதை விட்டுக்கொடுக்க முடியாது.

4. நம் வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நம்மிடம் பெருமைப்பட நிறைய இருக்கிறது. மாநிலப் பாடம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டத்தை 2010 சட்டம் ஒன்றாக்கியது. புதிய அரசு அதை நிறுத்தப் பார்த்தபோது 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மயிலாப்பூர் மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் சைதாப்பேட்டை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைத் திறந்தார்கள். அது சிறிய வெற்றி இல்லை. அதன் பிறகு என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் அந்தப் புத்தகத்தைவிட்டு சி.பி.எஸ்.இ.க்கு நகர்ந்தார்கள். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பள்ளிப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஆகவே தேசியப் பாடத்திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்று சொல்லும்போது, சென்னையில் பல்லாயிரம் பிள்ளைகள் ஏற்கெனவே அதைத்தான் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களில் நாளைய அதிகாரிகள் இருப்பார்கள். வண்டிக்காரன் கதை அவர்களுக்குத்தான் மிகவும் தேவை.

புத்தகம் ஒன்றானது; வகுப்பறை ஒன்றாகவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் சமச்சீர்ப் புத்தகம் படித்தவர்கள்தான். அதே ஆண்டு செப்டம்பரில் எட்டயபுரத்துக்கு அருகே உசிலம்பட்டியில், காலை உணவைச் சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் செய்தார்கள் பெற்றோர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல செயல். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அங்கே உட்கார வேண்டியவர் ஆசிரியர்.

நாங்குநேரிக்குப் பின் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. இவைதான் செய்தியில் வந்தன, தொலைக்காட்சியில் சண்டைக்குப் பயன்பட்டன. ஆசிரியரைப் பற்றி அது சொன்னவை அதிகம் பேசப்படவில்லை: ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் வைக்கக் கூடாது, ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு பற்றியும் அதற்கெதிரான சட்டங்கள் பற்றியும் கட்டாயப் பயிற்சி வேண்டும், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டமே மாற வேண்டும். குழு கேட்ட தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஓராண்டு கழித்து வந்த மாநிலக் கல்விக் கொள்கையை, இந்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் வாசிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்தது நல்லது, இருமொழி நல்லது. இந்தப் பரிந்துரைகளுக்குத் தேதி குறிக்காதவரை சமூகநீதி என்ற சொல் முன்னுரையோடு நின்றுவிடும்.

நகரம் கற்றுத்தரும் பாடத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது அது பொதுத்தேர்வுக் காலம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த பிள்ளைகள் அந்தத் தெருவில் இருந்தார்கள். தீக்குளித்து ஓர் உயிர் போன பிறகுதான் அரசு இறங்கிவந்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து மக்களை வெளியே கொண்டுபோய் வைத்தபோதெல்லாம் பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள். அல்லது விடிகாலை பஸ்ஸில் பழைய பள்ளிக்கே வந்தார்கள். வகுப்புக்குத் தாமதமாக வந்த பிள்ளையை வெளியே நிற்கவைக்கும் ஆசிரியருக்கு, அந்தப் பஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? கலைத்திட்டத்தை எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா?

5. ஆசிரியர் என்ன செய்யலாம்?

புதிய கொள்கை ஆசிரியரிடம் நிறையக் கேட்கிறது: நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பட்டம், ஆண்டுக்கு ஐம்பது மணி நேரத் தொடர் பயிற்சி. இங்கே எமிஸ் பதிவேற்றமும் திட்டத்துக்குத் திட்டம் பயிற்சியும் ஏற்கெனவே அவர்களை வாட்டுகின்றன. ஆசிரியர் சங்கங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐம்பது மணி நேரத்தில் சாதிக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கிற சங்கத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்தது தொண்ணூறுகளில். உதவித்தொகைப் படிவம் வந்த அன்று, "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார் வகுப்பாசிரியர். அவர் கெட்டவர் இல்லை. நன்றாகக் கணக்குச் சொல்லித்தந்தவர். எங்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அன்று வரை என்னோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். இந்த அவையில் இருக்கும் இளைஞர்கள் பலருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும். இதைத் தடுக்கப் புதிய கொள்கை தேவையில்லை. பெற்றோரைத் தனியாக அழைத்துப் படிவத்தைக் கொடுத்தால் போதும்.

சில திட்டவட்டமான ஆலோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று, பாடம் நடத்தும் முறை. வண்டிக்காரன் கதையை நடத்தும்போது, வகுப்பில் இருக்கும் தலித் பிள்ளையிடம் "உனக்கு இப்படி நடந்திருக்கா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை உங்கள் பாடத்துக்கான உதாரணம் இல்லை. இருபத்தைந்து விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்கு வந்த பிள்ளையாக இருந்தால், வகுப்பே திரும்பிப் பார்க்கும். கேள்வியை வண்டிக்காரன் பக்கம் திருப்புங்கள். அவனும் ஏழைதானே, கிடைக்கும் கூலியை ஏன் விட்டான்? எது அவனைத் தடுத்தது? அவனைப் பார்த்தவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள்? இன்று நம் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர்? இப்படிக் கேட்டால் சாதி என்பது தலித்தின் பிரச்சினையாக இல்லாமல் அதைக் கடைப்பிடிப்பவரின் பிரச்சினையாக வகுப்பில் நிற்கும். நூலில் பாடம் இல்லாவிட்டாலும் இந்த வகுப்பை எடுக்கலாம். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு எந்தக் குடிமையியல் நூலிலும் ஒரு மூலையில் இருக்கும். அதை நடத்தும் நாளில் இதை நடத்துங்கள்.

இரண்டு, பையில்லா நாட்கள். எந்தப் பள்ளி இதைச் செய்தாலும் ஒரு விதி வைக்க வேண்டும்: பிள்ளையின் பெற்றோர் செய்யும் தொழிலுக்கோ, அந்தச் சாதிக்கு ஒட்டவைத்த தொழிலுக்கோ அந்தப் பிள்ளையை அனுப்பக் கூடாது. நம் பிள்ளைகள் நீதிமன்றம் போகட்டும், அச்சகம் போகட்டும், கோட்டூர்புரம் நூலகத்தில் பத்து நாள் உட்காரட்டும், ஆய்வுக்கூடத்தைப் பார்க்கட்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தூய்மைப் பணியாளரோடு ஒரு காலைப்பொழுது நடந்து, கையுறை இல்லாமல் குப்பை அள்ளுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று, பள்ளியில் செய்யும் வேலை. வகுப்பைப் பெருக்குவது, தண்ணீர் எடுப்பது, மேசை தூக்குவது எதுவானாலும் வரிசைப்பட்டியல் போட்டு எல்லோருக்கும் வர வேண்டும். கழிப்பறையைச் சுத்தம்செய்ய எந்தப் பிள்ளையையும் சொல்லக் கூடாது. இன்றும் இந்தச் செய்தி ஆண்டுக்கொருமுறை நாளிதழில் வருகிறது. வால்மீகியின் பக்கம் அது.

நான்கு, உள்ளூர் வரலாறு. அடையாறு ஆசிரியர் ஊரூர்ப் பள்ளியின் கதையைச் சொல்லலாம். ராயப்பேட்டை ஆசிரியர் 1907இல் அங்கிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்த கதையைச் சொல்லலாம். மயிலாப்பூர் மழலையர் வகுப்பு ஆசிரியை, பாட்டுச் சொல்லித்தரும்போது, இப்படிப் பாட்டுகளைப் புத்தகமாக்கியவர்களில் மயிலை சின்னத்தம்பி ராஜா என்ற ஆசிரியரும் ஒருவர் என்று ஒரு வரி சேர்க்கலாம். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஐந்து, நம் அமைப்புகளுக்கு. கொள்கை வெளியாகும் நாளில் அறிக்கை விடுவதோடு நிறுத்திவிடுகிறோம். சந்துரு அறிக்கையின் ஆசிரியர் பரிந்துரைகளுக்குக் காலக்கெடு கேட்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்து, சாதி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதி அச்சிட வேண்டும். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் தாய்மார்கள் பெயருக்கு இருக்கிறார்கள்; அவர்களோடு உட்கார்ந்து அந்தக் குழுவின் அதிகாரம் என்ன என்று பேச வேண்டும். தலித் ஆசிரியர்கள் பலர் பணியிடத்தில் சாதியை மறைத்துக்கொண்டு இருக்க வேண்டிய நிலை இருக்கிறது. அவர்களுக்கு நாம் துணையாக நிற்காமல் அவர்களிடம் புரட்சியை எதிர்பார்ப்பது அநியாயம்.

தோழர்களே, 1953இல் ஒரு கால அட்டவணையைப் படித்து, அதற்குள் இருந்த சாதியைக் கண்டுபிடித்து, அதற்குச் சரியான பெயர் வைத்த மண் இது. அதே கண்ணோடு 2020ஐயும் படிக்க வேண்டும், 2025ஐயும் படிக்க வேண்டும். ஒவ்வொரு ஆவணத்தின் முன்னும் நாம் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எழுதியவர் மனதில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது? பெரும்பாக்கத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறும் பிள்ளை அந்த மனதில் இல்லை என்றால், அதைத் திருப்பி அனுப்புவோம். திருப்பி அனுப்ப முடியாத இடத்தில், வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பிள்ளைக்காகப் பாடம் நடத்தும் ஆசிரியரின் பக்கத்தில் நிற்போம்.

ஜெய்பீம்.